கைத்தடிக்குள் புகுந்த பீர்!

1833-ம் ஆண்டு. பிரிட்டனின் பீர் ஆலைகளைச் சுற்றிப் பார்க்க இரண்டு வாலிபர்கள் வந்தார்கள். ஒருவர் வியன்னாக்காரர் ஆன்டன் டிரேயர். மற்றவர் மியூனிக் நகரத்து காபிரியேல் செடில்மாயர். கையில் ஒரு கைத்தடி. அதன் உள்ளே குழாய்! ஆலைக்காரர்கள் அசந்த நேரத்தில், தொட்டியில் புளித்துக்கொண்டிருந்த பீரை அதில் பிடித்து, விடுதிக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள்.

முளைகட்டிய பார்லியைக் கருகாமல் உலர்த்தும் பக்குவம் அங்கே கிடைத்தது. பீரைக் குளிர்ந்த நிலவறையில் வாரக்கணக்கில் வைத்திருப்பது பவேரியா நாட்டு வழக்கம். இரண்டையும் இணைத்தார் டிரேயர். 1841-ல் வியன்னாவை அடுத்த ஷ்வேகாட்டில் தேன் நிற "லாகர்" பிறந்தது.

பின்னர் வெளிர்மஞ்சள் பீர் வந்தது. தேன் நிறத்துக்குப் பிறந்த ஊரிலேயே மவுசு போயிற்று! அதற்கு மறுவாழ்வு தந்தவற்றில் அமெரிக்காவின் சிறு ஆலைகள் முக்கியமானவை. நியூயார்க்கின் புரூக்ளினில் 1988-ல் இத்தகைய லாகர் விற்பனைக்கு வந்தது.

மூக்கே நீதிபதி

ருசி பார்ப்பவர் உடனே குடித்துவிடுவதில்லை. மிகவும் ஜில்லென்று இருந்தால் மணம் தெரியாது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, நிறத்தையும் நுரையையும் பார்க்கிறார். பிறகு முகர்கிறார். வாட்டிய ரொட்டி மணம் வரவேண்டும். வெண்ணெய் வாடை அடித்தால், பெரும்பாலும் அவசரத்தில் இறக்கிய சரக்கு! நனைந்த அட்டை வாடையா? பழசாகிவிட்டது!

கடைசியில்தான் ஒரு வாய். தித்திப்பு நாக்கில் ஒட்டக்கூடாது. ஹாப்ஸ் பூவின் இளங்கசப்பு அதைத் துடைத்துவிட வேண்டும்.

கருக்கிய சர்க்கரையாலும் தேன் நிறம் வரும்; கண் ஏமாறும். மூக்கு ஏமாறுமா?