சொல்லும் வினையே

உயிர்கள் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றினாலும் வினை ஈட்டுகின்றன என்பது சைவ சித்தாந்தத்தின் துணிபு. கையால் செய்த தீங்கை நினைந்து வருந்தும் நாம், நாவினால் செய்ததை மட்டும் காற்றோடு போயிற்று என்று எண்ணிவிடுகிறோம். அது போவதில்லை. இப்பிறப்பில் புதிதாக ஈட்டுவது ஆகாமியம். அது சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் ஒரு பகுதி உடம்போடு வந்து நுகர நிற்பது பிராரத்தம். ஆகவே இன்று பேசும் சொல் நாளை எடுக்கும் பிறவிக்கு வித்தாகிறது.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாற்றில் சேக்கிழார் பெருமான் இதனை விளங்கக் காட்டுகிறார். கயிலையில் ஆலால சுந்தரர் மங்கையர் இருவர்பால் மனம் வைத்தார். அதுவே நாவலூரில் பிறப்பதற்குக் காரணமாயிற்று. பிறந்தபின், திருவொற்றியூரில் மகிழமரத்தடியில், பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சூளுரைத்தார். கேட்பதற்கு அதனினும் இனிய சொல் உண்டோ? ஆயினும் ஆரூர் வசந்த விழாவை நினைந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்த அளவிலே இரு கண்களும் ஒளியிழந்தன. தம்பிரான் தோழர் என்பதற்காக இறைவன் விலக்களித்தானில்லை. காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெறும்வரை பாடிப் பாடியே நடந்தார். நாம் உணர்ந்து உய்யவே இது நிகழ்ந்தது. சொல்லில் இனிமை மட்டும் போதாது. உள்ளே மெய்ம்மை வேண்டும்.

மெய்யாயின் எவ்வாறும் கூறலாமோ எனின், ஆகாது. பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை எனத் திருவள்ளுவர் இலக்கணம் வகுத்தார். ஊடியிருந்த பரவையார் இல்லத்திற்கு ஆரூர்ப் பெருமானே நள்ளிரவில் தூது நடந்தான். ஆணையிட்டுப் பணிவிக்க வல்லவன், மறுத்தபோதும் மீண்டும் சென்று இசைவித்தான். பெருமானே அவ்வாறு நடந்தானெனின், நாம் தணிந்து பேசுவதில் என்ன இழிவு?

நாமோ, கடன் கேட்டு வந்தவரிடம் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லும்படி பிள்ளையை ஏவுகிறோம். உள்ளதைத்தானே சொன்னேன் என்று மருமகளின் கண்ணீருக்குக் காரணமாகிறோம். பின்பு அதே நாவினால் திருவைந்தெழுத்தும் ஓதுகிறோம்.

மாசிப் பெருவிழாவில் ஒற்றியூர் மகிழடி சேவையைத் தரிசிக்கும் அன்பர்கள், தாம் கொடுத்துக் காவாத சொல் ஒன்றை அங்கே நினைவுகூர்வாராக. இல்லம் திரும்பியதும் அதனை நிறைவேற்றுவாராக. அவ்வளவில் ஒரு வித்தேனும் முளையாது கருகும்.

திருச்சிற்றம்பலம்.