மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு: மாற்று மின்குமிழைத் தெரிதல்

திருகோணமலை உட்டுறைமுகத்தின் கரையிலே அமைந்தது சீனன்குடா. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயர் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்களும், 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு இலக்கான விமானத்தளமும் அவ்வூரின் பெயரை வரலாற்றிற் பொறித்தன. 1980 இல் இயங்கத் தொடங்கிய பெரிய மாவாலையும் அதனைத் தொழிற்களமாக்கிற்று. வேலை முடித்து இருட்டியபின் வீடு திரும்புவோர் பலருக்கு மோட்டார் சைக்கிளே துணை. கிண்ணியா, மூதூர் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் பெருஞ்சாலையிற் பாரவண்டிகளும் பேருந்துகளும் அவர்களைப் பின்தொடர்கின்றன. அவ்வேளையிற் பின்விளக்கு எரியாத வண்டி இருளோடு இருளாய் மறைந்துவிடும்.

இதன் ஆபத்தைச் சிறு கணக்கொன்று தெளிவாக்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஊர்தி ஒரு விநாடியில் ஏறத்தாழ 16.7 மீற்றர் ஓடுகின்றது. சாரதி ஒரு பொருளைக் கண்டு தடுப்பை மிதிக்க ஒன்றரை விநாடி கழியுமாயின், அதற்குள் 25 மீற்றர் கடந்துவிடும். உலர்ந்த சாலையில் நன்கு தடுப்பினும் மேலும் 20 மீற்றர் வேண்டும். தாழ்த்திய முன்விளக்கின் ஒளியில் 40 மீற்றருக்கு அப்பால் உள்ள கரிய உருவம் புலப்படாதெனின், கண்டபின் நிறுத்துதல் இயலாது. இக்குறையை நிரப்புவது ஐந்து வாற்றுச் செவ்விளக்கேயாகும். ஆகவே அதன் மின்குமிழ் கெட்டபோது எதனைத் தெரிந்து வாங்குவது என்பது அற்ப வினாவன்று.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்விளக்கிலுள்ள ஒரே குமிழ் இரண்டு தொழில்களைச் செய்கின்றது. அதனுள்ளே தங்குதன் இழைகள் இரண்டு உள. மெல்லிய இழை 5 வாற்று. அது வண்டி இருக்கும் இடத்தைக் காட்ட இடையறாது எரியும். தடித்த இழை 21 வாற்று. அது தடுப்பைப் பிடிக்கும்போது மாத்திரம் எரியும். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 37 ஆம் இலக்க விதி இவ்வகைக் குமிழுக்கு 13.5 வோல்ற்றில் முறையே 35, 440 லூமன் ஒளியை வகுத்துள்ளது. பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்ட இவ்வேற்றுமையே பின்வருவோனுக்கு “முன்னே செல்பவன் வேகம் தணிக்கிறான்” என்று உணர்த்தும் மொழி. அம்மொழி குழம்புமாயின் விளக்கு எரிந்தும் பயனில்லை.

குமிழைத் தெரியும்போது முதலில் நோக்க வேண்டியது வோல்ற்றளவு. இன்று ஓடும் வண்டிகளிற் பெரும்பாலானவை 12 வோல்ற்று. பழைய பீ.எஸ்.ஏ. பாந்தம், 1970 களில் வந்த ஹொண்டா சி. 50, சி. 70, சி. 90 முதலியன 6 வோல்ற்று. ஆறு வோல்ற்றுக் குமிழைப் பன்னிரண்டில் இட்டால் அது கணத்திற் கருகும். பன்னிரண்டு வோல்ற்றுக் குமிழை ஆறில் இட்டால் அது எரியும். ஆனால் இழையின் ஒளி வோல்ற்றளவின் மூன்றரை அடுக்குக்கு அண்மையாக மாறுவதால், உரிய ஒளியிற் பத்திலொரு பங்கே கிடைக்கும். இப்பிழையே கொடிது, எரிகிறது என்ற ஆறுதலில் உரியவன் அதனைக் கவனியாது விடுவான்.

அடுத்தது அடிப்பாகத்தின் அமைப்பு. இரட்டை இழைக் குமிழின் பித்தளைத் தொப்பி 15 மில்லிமீற்றர் விட்டமுடையது. அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் உள்ளன. பக்கத்திலுள்ள இரு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன. குமிழைத் திருப்பிச் செருகி இழைகளை இடம் மாற்றிவிடாதிருக்கவே இவ்வேற்பாடு. ‘பி.ஏ.வை. 15 டி’ என்பது இவ்வடியின் குறியீடு. அமெரிக்க எண்ணிலே இக்குமிழ் 1157 எனப்படும். முளைகள் சம உயரத்திலுள்ள ஒற்றை இழைக் குமிழும் பார்வைக்கு இதனையே ஒக்கும். அதனை வலிந்து திணித்தால் அடியிலுள்ள ஒரே தொடுபுள்ளி தாங்கியின் இரு முனைகளையும் இணைத்துவிடக்கூடும். அப்போது தடுப்பு விளக்கு எந்நேரமும் எரியும். பின்வருவோனுக்கு எச்சரிக்கை கிட்டாது. சில வண்டிகளில் உலோகத் தொப்பியற்ற ஆப்புவடிவ அடியுள்ள குமிழே உண்டு. ஆதலாற் கடைக்குச் செல்பவர் பழைய குமிழைக் கையோடு கொண்டுசென்று, தொப்பியிற் பொறித்துள்ள எழுத்தையும் முளைகளின் நிலையையும் ஒப்புநோக்குதல் நன்று.

வாற்றளவைக் கூட்டினால் ஒளி கூடும் என எண்ணுவோர் பலர். மிகுந்த வெப்பம் பிளாத்திக்கு மூடியை உருக்கும். மெல்லிய கம்பிகளையும் வருத்தும். மின்பிறப்பாக்கியின் ஆடலோட்டம் சீராக்கப்படாது முன்விளக்குக்கும் பின்விளக்குக்கும் நேரே செல்லும் பழைய சிறு வண்டிகளில், எல்லாக் குமிழ்களின் வாற்றும் சேர்ந்தே வோல்ற்றளவை நிலைநிறுத்துகின்றன. அங்கே பின்குமிழ் அணைந்தால் முன்குமிழின்மேல் வோல்ற்றளவு ஏறி அதனையும் எரித்துவிடக்கூடும். எனவே உற்பத்தியாளர் குறித்த அளவே உரிய அளவு.

இக்காலத்தில் எல்.ஈ.டி. எனப்படும் ஒளிகாலும் இருவாயிக் குமிழ்கள் மலிந்துள்ளன. அவை குறைந்த மின்னை உண்ணும், அதிர்வைத் தாங்கும், இழைக்குமிழைக் காட்டிலும் விநாடியின் ஐந்திலொரு பங்களவு முந்தி ஒளிரும். மேற்கூறிய வேகத்தில் அது மூன்று மீற்றருக்கு மேற்பட்ட இடைவெளி. ஆயினும் நான்கு சோதனைகளுக்குப் பின்னரே அவற்றை ஏற்கலாம். முதலாவது நிறம்: வெள்ளை இருவாயியின் ஒளியிற் செந்நிறக் கூறு குறைவாதலாற் சிவப்பு மூடி அதனிற் பெரும்பகுதியை விழுங்கும், சிவப்பு இருவாயியே அங்கு பொருந்தும். ஆனால் இலக்கத் தகட்டுக்கு அதே குமிழ் ஒளி தருமாயின் தகடும் சிவந்து தோன்றும். அத்தகைய வண்டிக்கு வெண்ணொளியே வேண்டும். இரண்டாவது திசை: இழை எப்புறமும் ஒளி வீசித் தெறிப்பியை நிரப்பும்; முன்னோக்கி மாத்திரம் ஒளிரும் இருவாயியைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர் காணார். மூன்றாவது வேற்றுமை: மலிவான சிலவற்றில் இருநிலை ஒளிக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறிது. நான்காவது மின்முனை: 1950 களின் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே சட்டகத்தோடு இணைந்திருந்தது, மின்முனை நோக்கும் இருவாயிக் குமிழ் அவற்றில் எரியாது.

புதுக்குமிழும் விரைவிற் கெடுமாயின் காரணத்தைப் பழைய குமிழே சொல்லும். கண்ணாடி கருமையுற்றிருப்பின் தங்குதன் ஆவியாகிப் படிந்துளது. மின்னேற்றும் வோல்ற்றளவை அளந்து பார்க்க வேண்டும். வோல்ற்றளவு நூற்றுக்கு ஐந்து கூடினாலே இழையின் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும். கண்ணாடி வெண்மையாகப் பூத்திருப்பின் காற்று உட்புகுந்துளது. இழை தெளிவாக அறுந்திருப்பின் அதிர்வே காரணமாகலாம். விளக்கைத் தாங்கும் றப்பர் வளையங்கள் இறுகியனவா என்று பார்க்க. சீனன்குடா போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு பகையும் உண்டு. உப்புக் காற்று தாங்கியின் உட்புறத்தையும் புவியிணைப்பையும் அரித்து, நல்ல குமிழையும் மங்கச் செய்யும். மெல்லிய உரத்தாளால் தேய்த்துச் சிறிது வாசலின் பூசினால் அது தணியும்.

குமிழை மாட்டியபின் வண்டியைச் சுவரருகே நிறுத்தி, கைத்தடுப்பையும் கால்தடுப்பையும் தனித்தனியே இயக்கிப் பார்த்தல் இறுதிக் கடமை. இரண்டுக்கும் ஆளிகள் வேறானமையால் ஒன்று பழுதுற்றும் மற்றது வேலை செய்யலாம். முன்விளக்கு ஓட்டுவோனுக்கு வழிகாட்டுவதால் அது கெட்டவுடன் அவனே அறிவான். பின்விளக்கோ பிறருக்காக எரிவது; அது கெட்டதை உரியவன் காணான். தான் காணாத விளக்கைப் பேணுகின்றவனே தன் உயிரையும் பிறர் உயிரையும் ஒருங்கே காக்கின்றான்.