எலித் தீனிதானே என்று எண்ணாதீர்

வடநெம்மேலியில் 1976 முதல் முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கே பாம்புகளும் உண்டு. பாம்புக்கு இரையாக வெள்ளைச் சுண்டெலி வளர்ப்போர் மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு கேட்டு நம் கடைக்கும் வரலாம். எலிதானே என்று கிடங்கில் கூட்டிய சரக்கைக் கட்டிக் கொடுத்துவிடக் கூடாது. பூசணம் பிடித்த பிண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகி ஈரலைக் கெடுக்கும். 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் மாண்டது பிரேசில் கடலைப் பிண்ணாக்கால்தான். கூட்டிய சரக்கில் கிடங்கு எலியின் மூத்திரமும் புழுக்கையும் கலந்திருக்கும். அந்த நோய் ஒரு கூண்டில் புகுந்தால் எல்லாக் கூண்டுக்கும் பரவும். சுண்டெலி சுமார் 20 நாளில் ஈனும், வாஸ்தவம். ஆனால் நோய் புகுந்த கூட்டத்தைப் பெரும்பாலும் அடியோடு அழித்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். வளர்ப்பவரும் கூண்டில் உமியை அடிக்கடி மாற்ற வேண்டும். மூத்திர நெடி மூச்சைக் கெடுக்கும். நாம் உலர்ந்த, சலித்த தானியமே தருவோம். பூச்சிக்கு மாத்திரை வைத்த மூட்டையானால் நன்றாகக் காற்றாடவிட்ட பிறகே எடை போடுங்கள்.