‘கலர் கம்மி’ என்ற பேச்சும் முகத்தில் பூசும் ட்யூபும்

பிரசவ வார்டில் ஆணா பெண்ணா என்று விசாரித்து முடித்ததும் அடுத்த கேள்வி நிறத்தைப் பற்றித்தான். பார்க்க வந்த பெரியம்மாவோ அத்தையோ துணியை விலக்கி, குழந்தையின் காது மடலைத் திருப்பிப் பார்ப்பார். மடலின் ஓரம் எந்த நிறமோ அதுதான் பிள்ளைக்கு நிலைக்கும் நிறம் என்பது நம் வீடுகளின் கணக்கு. “இப்ப சிவப்பாத்தான் தெரியும், போகப் போக மாநிறமாயிடும்” என்று தீர்ப்பும் வந்துவிடும். பிறந்து சில மணி நேரமே ஆன உயிருக்கு முதல் மதிப்பெண் போட்டாகிவிட்டது.

அந்த மதிப்பெண் பிள்ளையோடு சேர்ந்து வளர்கிறது. ஜவுளிக்கடையில் மஞ்சள் பாவாடையை ஆசையாகத் தொட்டால் “இது உனக்கு எடுக்காதுடி” என்பார்கள். விளையாடப் போனால் “வெயில்ல நிக்காதே, இன்னும் கறுத்துடுவே” என்பார்கள். பாராட்டும்போதுகூட “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று ஒரு ‘ஆனாலும்’ ஒட்டிக்கொண்டே வரும். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் பத்து வயதுக்குள் அந்தப் பிள்ளை ஒரு பாடத்தை நன்றாகப் படித்துவிடுகிறது: தன்னிடம் ஒரு குறை இருக்கிறது, அதை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூபை வாங்க அவள் கை நீளும் நாள் இங்கேதான் தொடங்குகிறது. பையன்களும் இதற்கு விலக்கல்ல. அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் தன்மதிப்பைப் பற்றிப் பேசும்போது “உன்னை நீயே நேசி” என்று புத்தி சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஒருவருடைய தன்மதிப்பைச் சுற்றியிருப்பவர்களின் வாய் தேய்க்கிறது, சந்தை அதை வைத்துச் சம்பாதிக்கிறது, உடம்பு விலை கொடுக்கிறது. மூன்று இடத்திலும் செய்வதற்கு வேலை இருக்கிறது, கேட்பதற்கு உரிமையும் இருக்கிறது.

முதலில் உடம்பு. கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் தோலில் நிறமி தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எந்த வகை, எப்படிப் பரப்புகின்றன என்பதில்தான் வித்தியாசம். இதைப் பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன. அதனால்தான் ஒரே தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் வேறு வேறு நிறத்தில் இருக்கிறார்கள். கர்ப்பிணி குடிக்கும் குங்குமப்பூப் பாலுக்கு இதில் பங்கு ஒன்றும் இல்லை. வெயில் ஓங்கிய நம் ஊரில் அந்த மெலனின் புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கிறது. உங்கள் மேல்கையின் உட்புறத்தைப் பாருங்கள், வெயில் அதிகம் படாத அந்த இடத்தின் நிறம்தான் உங்கள் இயல்பான நிறம். வெயிலால் முகம் கறுத்திருந்தால் அந்த அளவுக்குத் திரும்ப வாய்ப்பு உண்டு. அதற்கும் மேலே வெளுக்க வைப்பதாகச் சொல்லும் எதுவும் தோலைக் கெடுத்துத்தான் அதைச் செய்ய முடியும்.

கழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி கறுத்திருப்பதைப் பல பிள்ளைகளிடம் பார்க்கலாம். “கழுத்தைத் தேய்ச்சே குளிக்க மாட்டியா” என்று அம்மா நாரைப் போட்டுத் தேய்ப்பார். அது அழுக்கே இல்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது தோல் காட்டும் அடையாளம் அது. உடல் பருமன், மாதவிடாய் தள்ளிப்போகும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, பின்னால் வரக்கூடிய சர்க்கரை நோய் இவற்றோடு சேர்ந்து வருவது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை. நாரால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க உராய்வினாலேயே தோல் இன்னும் கறுக்கும். திட்டு வாங்கி, தேய்பட்டு, கடைசியில் நோயும் கவனிக்கப்படாமல் போகிறது. நிறப் பேச்சு ஒரு பிள்ளைக்குச் செய்யும் கெடுதலுக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது ட்யூப். தோழி சொன்னாள், பார்லர் அக்கா சொன்னார், கடைக்காரரே எடுத்துக் கொடுத்தார் என்று வாங்கிப் பூசும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் அழற்சிக்கு டாக்டர் சில நாட்களுக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து அது. முகத்தில் பூசினால் முதல் சில வாரங்கள் முகம் பளிச்சென்று ஆகும், பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பார்கள். பிறகு தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் ரத்த நாளங்கள் சிவப்பு நூல்களாகத் தெரியும். பருக்கள் கிளம்பும், முகத்தில் முடி வளரும், வெயிலில் நின்றால் எரியும். பயந்து நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கி, நெருப்புப் பட்டது போல எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூசுவார்கள். தோல் டாக்டர்களிடம் இப்படி மாட்டிக்கொண்ட பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அந்த ட்யூபையும் கையோடு கொண்டு போய்க் காட்டினால் படிப்படியாக மீட்டுவிடுவார்கள்.

ட்யூபைத் திருப்பிப் படித்தால் பாதி ஆபத்து தெரிந்துவிடும். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் போன்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் இரண்டும் சேர்ந்திருந்தால் அது மங்குக்கு டாக்டர் கண்காணிப்பில் பூசும் கூட்டு மருந்தாக இருக்கும். பல நேரம் மூன்றும் ஒரே ட்யூபில் இருக்கும். லேபிளில் சிவப்புக் கோடு இருந்தால் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பொருள். பூசும் ஸ்டீராய்டுகளை 2018இல் மத்திய அரசு அப்படிச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் கொண்டுவந்தது. சீட்டுக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது சட்ட மீறல்.

இதைவிட மோசமானது பாதரசம். மெலனின் உற்பத்தியை அது தடுக்கிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2023இல் இதைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் கசியும், சாதாரணமாக அரிதான ஒரு சிறுநீரக நோயோடு சிலர் அடுத்தடுத்து வந்தார்கள். விசாரித்தால் பலரும் வெளுப்பாக்கும் க்ரீம் பூசியவர்கள். கேரள அரசு ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. நம் நாட்டு விதிப்படி அழகுப் பொருளில் பாதரசத்தை வேண்டுமென்றே சேர்க்கக் கூடாது. தவறிக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கண் மை போன்றவற்றுக்கு மட்டும் வேறு வரம்பு. வீட்டுப் பெண்கள் சட்டென்று புரிந்துகொள்ளும் ஓர் அறிகுறி உண்டு: “தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்” என்று டப்பாவில் எழுதியிருந்தால் பாதரசம் இருக்கக்கூடும். பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துவிடும். தயாரிப்பு உரிம எண் இல்லாத டப்பாவையும், இறக்குமதி என்று சொல்லி இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் இல்லாத டப்பாவையும் தொடவே வேண்டாம். ஆன்லைனில் வருவதும் வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் வருவதும் இதில் சேரும். பூசியவருக்குக் கால் வீக்கம், சிறுநீரில் அடங்காத நுரை என்று தெரிந்தால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பாதரச ஆவியின் கெடுதல் பூசியவரோடு நிற்பதில்லை, அதே அறையில் படுக்கும் குழந்தையையும் பாதிக்கும்.

சந்தை கொஞ்சம் அசைந்திருக்கிறது. 1975இலிருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. நிறத்தைத் தாழ்வாகக் காட்டி விளம்பரம் எடுக்கக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014இலேயே சொல்லியிருக்கிறது. சென்னையில் 2009இல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்துக்கு இந்த மாற்றத்தில் பங்கு உண்டு. பெயர் மாறியது நல்லதுதான். ஆனால் பளபளப்பு, ஒளிர்வு என்ற சொற்களுக்குப் பின்னால் விற்கப்படுவது பல நேரம் அதே பழைய ஆசைதான்.

ஏமாற்றப்பட்டவர் என்ன செய்யலாம்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடம் தருகிறது, மறுபடி செய்தால் 50 லட்சம். அதில் நடித்த பிரபலத்தையும் குறிப்பிட்ட காலம் விளம்பரங்களில் தோன்றத் தடை செய்யலாம். புகாரை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருக்கும் வழக்குக்குக் கட்டணமே கிடையாது. டெல்லியில் ஒருவர் 79 ரூபாய்க்கு வாங்கிய ஆண்களுக்கான சிவப்பழகு க்ரீம் சொன்னபடி வேலை செய்யவில்லை என்று 2013இல் வழக்குப் போட்டார். பதினோரு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2024 டிசம்பரில் மாவட்ட ஆணையம் நிறுவனத்துக்கு 14.5 லட்சம் ரூபாயை நுகர்வோர் நல நிதியில் கட்ட உத்தரவிட்டது, அவருக்கும் 50,000 ரூபாய் தரச் சொன்னது. எவ்வளவு காலம் ஆனது என்பதை நான் மறைக்கவில்லை. 79 ரூபாய்ப் பொருளுக்கும் கேள்வி கேட்க முடிகிறது என்பதும் உண்மை. ரசீது, டப்பா, தொகுதி எண் தெரியும் புகைப்படம், மருத்துவர் எழுதிய சீட்டு, இவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்கும் கடையைப் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். மருந்தின் பக்க விளைவைப் பதிவு செய்ய 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

பேச்சுக்கு எதிராகச் சட்டம் என்ன தருகிறது என்றால், இங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று பட்டியல் போடுகிறது. அதில் நிறம் இல்லை. அது சேர்க்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் வழியே இல்லை என்றில்லை. புகுந்த வீட்டில் நிறத்தைச் சொல்லித் தொடர்ந்து இழிவுபடுத்தினால், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால், அது 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் சொல்வழி, மனவழி வன்முறையாகவே வரும். அடி விழுந்திருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. பெண்கள் உதவி எண் 181ஐ அழைக்கலாம், மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். பள்ளியில் ஆசிரியரே வகுப்பின் முன் நிறத்தைச் சொல்லிக் கிண்டல் செய்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மனத் துன்புறுத்தலைத் தடை செய்கிறது. குழந்தையே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. நிறத்தோடு சாதியும் சேர்த்துப் பொது இடத்தில் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ இழிவுபடுத்தினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம்.

சட்டம் நுழைய முடியாத இடம் வீட்டுக் கூடம். அங்கே காக்க வேண்டியவர்கள் பெற்றோர்தான். கல்யாண வீட்டில் சித்தி ஆரம்பித்தால் சண்டை வேண்டாம், “சித்தி, அவ நிறத்தைப் பத்திப் பேச வேண்டாம், கேட்டுட்டு இருக்கா” என்று பிள்ளை காதில் விழும்படிச் சொன்னால் போதும். சித்தி மாறுவாரா தெரியாது. தனக்காக ஒருவர் வாய் திறந்தார் என்பதைப் பிள்ளை மறக்காது. பேசாமல் சிரித்து மழுப்பிய அம்மாவையும் மறக்காது.

ஆறுதல் சொல்கிறேன் என்று “நீ அழகுதான், நீ அழகுதான்” என்று திரும்பத் திரும்பச் சொல்வதிலும் சிக்கல் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள் தங்களைப் பற்றிய நல்ல வாக்கியத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொன்னபோது இன்னும் சோர்ந்துபோனார்கள். மனம் நம்பாததைச் சொல்லச் சொன்னால் அது எதிர்வாதம் செய்கிறது. தன்மதிப்பை அளக்க மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. மற்றவர்களைப் போல என்னாலும் காரியம் செய்ய முடிகிறதா, நானும் மதிப்புள்ள ஆள்தானா என்ற வகைக் கேள்விகள் அவை. தோற்றத்தைப் பற்றி அதில் ஒரு கேள்விகூடக் கிடையாது. ஆகவே பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு அதன் கையைப் பாருங்கள். அது போட்ட கணக்கை, ஓடிய ஓட்டத்தை, தம்பியைச் சமாளித்த விதத்தைக் குறிப்பாகச் சொல்லிப் பாராட்டுங்கள். ஒரு வேலையை நம்பி ஒப்படையுங்கள். மஞ்சள் பாவாடை கேட்டால் வாங்கிக் கொடுங்கள்.

கண்ணாடியைத் தவிர்ப்பது, போட்டோவுக்கு நிற்க மறுப்பது, கல்லூரி விழாவுக்கே போகாமல் ஒதுங்குவது, வாழவே பிடிக்கவில்லை என்று பேசுவது, இவை தெரிந்தால் வீட்டு ஆறுதல் போதாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் நாள் முழுவதும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நீங்களே முதலில் அழைத்து, எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு வேலை இன்றைக்கே செய்யக்கூடியது. மக்கள் கேட்டுக்கொண்டதால் வரன் தேடும் இணையதளமான ஷாதி.காம் 2020இல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. ஆனால் தரகர் கையில் இருக்கும் ஜாதகத் தாளில் உயரம், படிப்பு, சம்பளத்துக்கு நடுவே நிறம் என்று ஒரு வரி இன்னும் இருக்கிறது. உங்கள் மகனுக்கோ மகளுக்கோ வரன் பார்க்கும்போது அந்த வரியை நிரப்பாமல் கொடுங்கள். எதிர்த் தரப்பிலும் அதைக் கேட்காதீர்கள்.