பம்பு வானத்தில் பறக்கிறது. பத்திரம் கையில் இருக்கிறதா?



அதிகாலைப் பெரட்டு முடிந்து, மருந்தடிக்கும் கும்பல் காட்டுக்குப் புறப்படும் காட்சியை நாம் எத்தனை ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம்! முதுகில் பம்பு, முகத்தில் துணி, கையில் சோற்றுப் பாத்திரம். இன்று சில தோட்டங்களில் அந்தப் பம்பு முதுகை விட்டு இறங்கி வானத்தில் ஏறிவிட்டது. டிரோன் என்னும் ஆளில்லா விமானம் வண்டுபோல் இரைந்துகொண்டு இளஞ்செம்பனைகளுக்கு மேலே மருந்து தெளித்துவிட்டுப் போகிறது.

"இருவது வருசமா இந்தப் பம்ப தூக்குறேங்க. தோளு ரெண்டும் காச்சுப் போச்சு. இனிமே அதுவே தூக்கட்டும், நல்லதுதான். ஆனா என் பேரு என்னாவும்?" என்று பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு தாய் நம்மிடம் கேட்டார். 'பேர்' என்றால் அன்றைய சம்பளம் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. நியாயமான கேள்வி!

டிரோன் எல்லா வேலையையும் விழுங்கிவிடாது. உயர்ந்து வளர்ந்த செம்பனைக்கு அடியில் இருக்கும் புல்லுக்கு, மட்டைகளைத் தாண்டி அதனால் மருந்தடிக்க முடியாது. குலை வெட்டவும் அதற்குக் கை கிடையாது. இளஞ்செம்பனையைக் குடையும் காண்டாமிருக வண்டுக்கும், மட்டையைத் தின்னும் புழுவுக்கும் மேலிருந்து மருந்து தெளிப்பதில்தான் அது கெட்டிக்காரன். ஆகவே வேலை போய்விடுமோ என்று மட்டும் கவலைப்பட்டால் போதாது. இந்தப் புதிய வேலை நம் பிள்ளைகளுக்கு எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முறையோடு வருகிறதா, அல்லது குறுக்கு வழியில் வருகிறதா?

குறுக்கு வழியில் வந்த கதை ஒன்றையும் அதே வட்டாரத்தில் கேட்டோம். ஐந்தாம் பாரம் முடித்த ஒரு தம்பி. மருந்தடிக்கும் குத்தகைக்காரர் அவனைக் கூப்பிட்டு, "போன்ல கேமெல்லாம் நல்லா ஆடுறியே, இதையும் ஓட்டிப் பாரு. நாளைக்கு இருவது வெள்ளி கூடத் தாரேன்" என்று சொல்லியிருக்கிறார். பையனும் ஆசையோடு ஓட்டினான். மூன்றாம் வாரம் நல்ல காற்று. தெளித்த மருந்து எல்லையைத் தாண்டிப் பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் விழுந்தது. கீரையெல்லாம் கருகிப்போனது. தோட்டக்காரர் நஷ்டஈடு கேட்டு வந்து நின்றார். குத்தகைக்காரர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "ஓட்டுனது நானா? அவன்தானே!"

பையனிடம் சான்றிதழ் இல்லை. குத்தகைக்காரரிடம் அனுமதி இல்லை. காப்புறுதி என்ற பேச்சே இல்லை. கடைசியில் அந்தப் பையனின் தாய் சேர்த்து வைத்திருந்த கூட்டுப் பணம் கீரைக்குப் போனது. இது யார் செய்த குற்றம்? யார் கட்டிய தண்டம்? சிந்தித்துப் பாருங்கள்!

டிரோனை விளையாட்டுச் சாமான் என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. பெரிய விவசாய டிரோன் ஒன்று 40 லிட்டர் மருந்தைச் சுமக்கும். மருந்தோடு கிளம்பும்போது மொத்த எடை 90 கிலோ வரை வரும். அதாவது, ஏறக்குறைய இரண்டு உர மூட்டை! அதன் இறக்கைகள் சுழலும் வேகத்தில் கையை நீட்டினால் விரல் மிஞ்சாது. அடிபட்ட பேட்டரி தீப்பற்றிக்கொள்ளும். இரண்டு உர மூட்டை தலைக்கு மேல் பறக்கிறது என்றால், அதைச் சட்டம் சும்மா விடுமா?

நம் நாட்டில் வானத்துக்குப் பொறுப்பு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். சுருக்கமாக சி.ஏ.ஏ.எம். என்பார்கள். 2016-ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகளில் டிரோனுக்கும் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. தரையிலிருந்து 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. ஓட்டுபவர் தம் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். விமான நிலைய வட்டாரத்தில் அனுமதியில்லாமல் கிளப்பவே கூடாது. 20 கிலோவுக்கு மேற்பட்ட டிரோன் என்றால் ஆணையத்தின் அனுமதி கட்டாயம். கூலிக்குத் தொழிலாகப் பறக்கவிடுவதற்கும் அனுமதி வேண்டும். விவசாய டிரோன்களுக்கென்றே ஆணையம் தனியாக வழிமுறைகளும் வகுத்திருக்கிறது. மீறினால் அபராதமும் உண்டு, சிறையும் உண்டு.

அடுத்தது பயிற்சி. ஆணையம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் பாடம் படித்து, பறக்கவிட்டுக் காட்டித் தேறினால் தகுதிச் சான்றிதழ் கிடைக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எப்போது நிறுத்த வேண்டும், இயந்திரம் கட்டுப்பாட்டை இழந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் அங்கே கற்றுக்கொள்ளலாம். அந்தத் தம்பிக்கு இதில் பாதி தெரிந்திருந்தாலும், காற்றடித்த அன்று டிரோனைக் கிளப்பியிருக்க மாட்டான்.

"பயிற்சிக்குப் பணத்துக்கு எங்க போறது?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஆனால் நிர்வாகத்திடம் கேளுங்கள்! பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாகக் கட்ட வேண்டும் என்பது 2021 மார்ச் முதல் விவசாயத் துறைக்கும் விரிவாக்கப்பட்டது. தொழிலாளிக்குப் பயிற்சி கொடுக்கத்தான் அந்தப் பணம். கிராணியிடம் விசாரியுங்கள். தொழிற்சங்கத் தலைவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

மூன்றாவது காப்புறுதி. இதில் நம்மவர்கள் குழம்பிப்போகிறார்கள். டிரோன் விழுந்து உடைந்தால் அதற்குக் கிடைக்கும் காப்புறுதி வேறு. அது முதலாளியின் சாமானைக் காப்பாற்றும். பிறர் உடலுக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால் ஈடுகட்டும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி வேறு. கீரைத் தோட்டக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது அதுதான். மருந்து காற்றில் பரவி வரும் சேதத்துக்கும் அது பொருந்துமா என்று கேட்டுவைக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டி மோதினால் காப்புறுதிக் கம்பெனி கையை விரிக்குமல்லவா? டிரோனுக்கும் அப்படித்தான். சான்றிதழ் இல்லாதவர் ஓட்டினால், பணம் கட்டிய பாலிசியும் வெறும் காகிதமாகிவிடலாம்.

உங்கள் உடலுக்கு வரும் ஆபத்துக்கு இருப்பது சொக்சோ. சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேலையில் விபத்து நேர்ந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "சின்னக் காயந்தான், விடு" என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

மருந்து கலக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. டிரோனுக்குத் தண்ணீர் குறைவாகச் சேர்ப்பதால் மருந்து கெட்டியாக இருக்கும். பம்பு முதுகை விட்டுப் போனாலும் விஷம் கையை விட்டுப் போகவில்லை! கையுறை, முகக்கவசம், கண்ணாடி இவற்றை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை. தெளிக்கும்போது அந்த நிரையில் யாரும் நிற்கக் கூடாது.

ஆகவே தம்பிமார்களே, ரிமோட்டைக் கையில் வாங்குமுன் மூன்று தாள்களைக் கேளுங்கள்: உங்கள் பெயரில் சான்றிதழ், வேலைக்கு ஆணையத்தின் அனுமதி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி. ஒன்று குறைந்தாலும், "மன்னிச்சுக்குங்க ஐயா, தாளு வரட்டும்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு சொல்லியும் முதலாளி கவனிக்காவிட்டால், அந்த வேலையை விட்டு விலகி நிற்கும் உரிமையை 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் கொடுத்திருக்கிறது. அதற்காக உங்களைப் பழிவாங்கக் கூடாது என்றும் அது சொல்கிறது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் கைத்தொழில் இல்லாமல் லயத்தைக் காலி செய்து போனதை நாம் மறக்கவில்லை. அன்று மாற்றம் நம் தலைக்கு மேலேயே நடந்து முடிந்தது. இன்று வந்திருப்பதும் தலைக்கு மேலேதான் பறக்கிறது. அதை ஓட்டும் கை நம் பிள்ளையின் கையாக இருக்கட்டும்; அந்தக் கையில் சான்றிதழும் இருக்கட்டும்!