வாய்ச்சொல்லில் நடக்கும் கூட்டு வியாபாரம்

கொழும்பின் எப்.ஜே. அன்ட் ஜீ. டி சேரம் சட்ட நிறுவனத்தின் தொடக்கம் 1841. ஜூலியஸ் அன்ட் கிரீஸி 1879இல் உருவானது. ஆரம்பித்த பெரக்கிராசிமார் மறைந்து தலைமுறைகள் கடந்தும் இரண்டும் நிலைத்து நிற்கின்றன. திருகோணமலையில் பங்காளி ஒருவர் மௌத்தானதும் மூடப்பட்ட கடைகள் சிலவற்றை நான் அறிவேன். வித்தியாசம் எங்கே?

பங்காளி மௌத்தானால் கூட்டு கலைந்துவிடும் என்பதே நமது நாட்டில் வழங்கும் ஆங்கிலக் கூட்டு வியாபாரச் சட்டத்தின் பொதுவிதி. உடன்படிக்கையில் வேறுவிதமாக எழுதியிருந்தால் மட்டுமே தொடரலாம். சட்டத்தரணிகள் தமது கூட்டை எழுதியே வைப்பார்கள். நாமோ, "அவர் நம்மட ஆள்தானே" என்று விட்டுவிடுகிறோம்.

மூலதனம் 1000 ரூபாவைத் தாண்டினால் கூட்டு எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். இன்று எந்தச் சில்லறைக் கடை இதற்குத் தப்பும்? எழுத்து இல்லாவிட்டால் விதவையும் பிள்ளைகளும் தமது பங்கை நீதிமன்றில் நிலைநாட்டுவது கடினம். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் பங்காளிகளின் பெயரைச் சொல்லும். பங்கு விகிதத்தைச் சொல்லாது.

ஆகவே மூலதனம், இலாப விகிதம், மௌத்துக்குப் பின் பங்கை மதிப்பிடும் முறை, வாரிசுகளுக்குக் கொடுத்து முடிக்கும் தவணை ஆகிய நான்கையும் சட்டத்தரணி மூலம் எழுதிக்கொள்ளுங்கள். கடனைச் சாட்சிகளுடன் எழுதிக்கொள்ளப் பணிக்கிறது சூரா அல்பகராவின் 282ஆவது வசனம். எழுதக் கேட்பது சந்தேகமல்ல, அமானிதம்.