தொண்டைக்குக் காது இடும் கட்டளை

தனக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வரும் ஒருவர் உண்மையைச் சொல்கிறாரா, நடிக்கிறாரா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரின் லாரிபுவாசியே மருத்துவமனையில் பணியாற்றிய எத்தியென் லொம்பார் இதைக் கண்டறிய எளிய வழி ஒன்றை வைத்திருந்தார். ஆளிடம் ஏதாவது ஒன்றைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். படித்துக்கொண்டிருக்கும்போதே காதுகளில் பலத்த இரைச்சலைப் பாய்ச்சுவார். கேட்கும் திறன் உள்ளவரின் குரல் உடனே உயரும். இரைச்சல் நின்றதும் தானாகத் தணியும். குரலை உயர்த்தியதே அவருக்குத் தெரியாது. காது கேட்காதவரோ எந்த மாற்றமும் இல்லாமல் படித்துக்கொண்டே போவார்.

1911-இல் லொம்பார் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று ‘லொம்பார் விளைவு’ என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பொய்யைப் பிடிக்கப் பயன்பட்ட இந்த விளைவுதான் சிலரின் குரலைக் கெடுக்கிறது. வேறு சிலருக்குப் போன குரலைத் திருப்பித் தருவதும் இதுவே.

குரல் கம்மினால் நாம் தொண்டையைத்தான் சந்தேகிப்போம். ஆனால் பேசும் ஒவ்வொரு கணமும் நம் பேச்சை நாமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த ஒலி காற்றின் வழியாகவும் மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் உட்காதை அடைகிறது. (கைபேசியில் பதிவான நம் குரல் யாரோ பேசுவதுபோல் இருப்பதற்குக் காரணம், அதில் எலும்புவழிப் பங்கு இல்லாததுதான்.) ஒருவர் ஒரே சுருதியில் இழுத்துப் பாடும்போது, ஹெட்போன் வழியாக அவருக்குத் திரும்பிக் கேட்கும் குரலின் சுருதியைக் கருவியால் சற்றே ஏற்றிவிட்டால், நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஒன்றரைப் பங்குக்குள் அவர் குரல் இறங்கத் தொடங்கும். யோசித்துச் செய்யும் வேலை அல்ல இது. அதே ஹெட்போனில் அவர் பேச்சையே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்து ஒலிக்கவிட்டால், சரளமாகப் பேசுகிறவருக்கே நாக்குத் தடுக்கும். இதை 1950 வாக்கில் கண்டு எழுதியவர் பெர்னார்ட் லீ.

காது பழுதாகும்போது குரல் மாறுவதும் இதனால்தான். அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. செவி நரம்பு தளர்ந்தவர், தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காததால், எதிரே இருப்பவர் திடுக்கிடும்படி சத்தமாகப் பேசுவார். நடுக்காதில் நீர் கோத்தோ காதுக்குழாயில் குறும்பி அடைத்தோ கேட்காமல் போனவர் தணிந்தே பேசுவார். வெளிச்சத்தம் குறைய, எலும்பு வழியே வரும் சொந்தக் குரல் அவருக்கு ஓங்கிக் கேட்கிறது. அனுபவமுள்ள இ.என்.டி. மருத்துவர் நோயாளி பேசுவதைக் கேட்டே பழுது எங்கே என்று ஓரளவு ஊகித்துவிடுவார்.

லொம்பார் விளைவுக்கு அதிகம் பலியாகிறவர்கள் ஆசிரியர்கள். மின்விசிறியின் கடகடப்பு, பக்கத்து வகுப்பின் கூட்டுவாசிப்பு, சாலையின் ஹாரன் எல்லாவற்றையும் மீறி நாள் முழுவதும் பேச வேண்டும். பெண்களின் குரல்நாண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஓங்கிப் பேசப் பேச மோதலின் வேகம் கூடுகிறது. மண்வெட்டி பிடித்த உள்ளங்கை காய்த்துப்போவதுபோல, நாண்களின் நடுப்பகுதிக்கு அருகே சிறு முடிச்சுகள் விழுகின்றன. குரல் கரகரக்கிறது, மாலையில் தொண்டை கட்டிக்கொள்கிறது.

இவர்களிடம் “கத்திப் பேசாதீர்கள் டீச்சர்” என்று சொல்லி அனுப்புவதில் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரைச்சலில் குரலை உயர்த்தாமல் பேசும்படி வெறுமனே சொன்னபோது மக்களால் அப்படிச் செய்ய முடியவில்லை என்று 1989-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குரலின் அளவைத் திரையில் கண்ணால் பார்க்க வைத்தபோதுதான் முடிந்தது. கச்சேரி மேடையில் பாடகர், தன் குரல் தனக்கே கேட்பதற்காக, தன் பக்கத்து ஸ்பீக்கரைக் கூட்டச் சொல்லிச் சைகை காட்டுவதை வீம்பு என்று நினைப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

பார்கின்சன் நோயில் கதை தலைகீழ். நோயாளியின் குரல் நாளடைவில் முணுமுணுப்பாகத் தேய்கிறது. ஆனால் அவரைக் கேட்டால் நன்றாகத்தான் பேசுகிறேன், வீட்டில் எல்லோருக்கும் காது மந்தமாகிவிட்டது என்பார். சாதாரண அளவில் பேச வைத்தால், ஏன் என்னைக் கத்தச் சொல்கிறீர்கள் என்று கேட்பார். தொண்டைத் தசைகளின் விறைப்போடு, தன் குரலை மதிப்பிடும் அளவுகோலும் பிசகிவிடுகிறது. 1980-களில் அமெரிக்காவில் லொரெய்ன் ராமிக் உருவாக்கிய பயிற்சி இந்த அளவுகோலைத்தான் குறிவைக்கிறது. வாரம் 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரங்கள். ஒரே பாடம், ‘உரக்க’. லீ சில்வர்மன் என்ற பார்கின்சன் நோயாளியின் பெயரை அந்தப் பயிற்சி தாங்கியிருக்கிறது. பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெசிகா ஹூபர் வேறு வழியில் போனார். அவர் உருவாக்கிய சிறு காதுக்கருவி, நோயாளி பேசத் தொடங்கியதும் கூட்டத்தின் சலசலப்பைக் காதுக்குள் ஒலிக்கிறது; வாயை மூடினால் அடங்குகிறது. நோயாளி முயலாமலே குரல் உயர்கிறது. ஆசிரியரின் தொண்டையைக் கெடுக்கும் அதே இரைச்சல்தான் இங்கே மருந்து.

மன அதிர்ச்சிக்குப் பிறகு குரலே வராமல் போகிறவர்களும் உண்டு. நாண்களில் பழுது இருக்காது. இருமினால் சத்தம் வரும், பேசினால் காற்றுதான் வரும். இவர்களுக்குப் பேச்சுப் பயிற்சியாளர்கள் கையாளும் உத்திகளுள் ஒன்று, காதில் இரைச்சலை ஒலிக்கவிட்டுப் படிக்கச் சொல்வது. சிலருக்குப் படிக்கும்போதே குரல் எழும்பிவிடும். அந்த நேரம் இரைச்சலைச் சட்டென்று நிறுத்தினால், போய்விட்டதாக நினைத்த குரலை அவரே கேட்பார்.

ஆசிரியர்களுக்கும் காது வழியாகவே ஒரு வழி இருக்கிறது. நெல்சன் ராயும் அவர் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கோளாறுள்ள ஆசிரியர்களில் ஒரு பிரிவினருக்கு உடலில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குக் குரல் பராமரிப்பு பற்றிய அறிவுரைகள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. ஆறு வாரங்களில் ஒலிபெருக்கி வைத்திருந்தவர்களின் குரல் தெளிவாகத் தேறியது. அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. தன் குரல் தன் காதில் போதிய அளவு விழுந்துவிட்டால் தொண்டை தானாக அடங்கிப் பேசுகிறது. நம் ஊர்ச் சுற்றுலா வழிகாட்டிகள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் மைக் பெட்டி போன்றதுதான் அது. வாங்குகிற டீச்சர் அதை மாணவர்கள் பக்கம் மட்டும் திருப்பிவைக்காமல், தன் காதுக்கும் எட்டும்படி வைத்துக்கொள்வது நல்லது.